44 பாயிண்ட் அடிச்சவருக்கு ரெண்டே ஸ்ட்ரோக் தான் குறைஞ்சுது, கோல்ஃப் கிளப் போட்டில இந்த ஹேண்டிகேப் நியாயமா?

ஸ்லைஸ் சரவணன் · ஞாயிறு, இரவு 10:12

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இன்னிக்கு வயித்தெரிச்சல் தாங்காம எழுதுறேன், நீளமா தான் போகும், பொறுத்துக்கோங்க.

நான் இருக்கிறது இங்கிலாந்துல, மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு சாதாரண மெம்பர்ஸ் கிளப். பேர் வேண்டாம். ஹேண்டிகேப்னா திறமை குறைஞ்சவங்களுக்கு ஆட்டத்துல குடுக்குற சலுகை அடி; அதுக்கு அடிப்படையான நம்பர் தான் இண்டெக்ஸ், சின்னதா இருந்தா நல்ல ஆட்டக்காரர். என் இண்டெக்ஸ் 9.8. எங்க கோர்ஸ் பார் (எல்லா ஹோலுக்கும் சேர்த்து வச்ச அடிக் கணக்கு) 72, ரேட்டிங் 71.2, ஸ்லோப் 128 (ரெண்டும் கோர்ஸ் எவ்வளவு கஷ்டம்னு சொல்ற நம்பர்). மே மாசம் ஸ்டேபிள்ஃபோர்ட் போட்டில (ஹோலுக்கு ஹோல் பாயிண்ட், ஹேண்டிகேப்புக்கு சரியா ஆடினா 36) ஒருத்தர் 44 பாயிண்ட் எடுத்தாரு. இண்டெக்ஸ் 18.4, அதை எங்க கோர்ஸுக்கு மாத்தி 95 சதவீதம் போட்டா ஆடுற ஹேண்டிகேப் 19, அடிச்சது 83. சரி எல்லாருக்கும் ஒரு நாள் அமையும்னு கைதட்டிட்டு போயிட்டோம். சிஸ்டம் அவரை 16.2க்கு இறக்குச்சு. அதாவது அடுத்த போட்டிக்கு 17. ஹேண்டிகேப் கழிச்சு பாருக்கு எட்டு கம்மியா (எட்டு அண்டர்) அடிச்ச மனுசனுக்கு குறைஞ்சது ரெண்டே ரெண்டு ஸ்ட்ரோக்.

அதோட விட்டிருந்தா நான் இதை எழுதவே மாட்டேன். அதுக்கப்புறம் 11 வாரத்துல 22 ஜெனரல் ப்ளே கார்டு (போட்டி இல்லாத ஆட்டத்தோட ஸ்கோர் கார்டு) போட்டிருக்காரு, ஆப்ல எல்லாம் தெரியுது. அதுல 14 கார்டு வெறும் ஒன்பது ஹோல், சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து ஆடுறது, மார்க்கர் (கார்டுல ஸ்கோர் எழுதுறவர்) எப்பவும் அதே ரெண்டு ஃப்ரெண்ட்ஸ். இண்டெக்ஸ் மெதுவா ஏறி ஏறி 18.1. போன சனிக்கிழமை வருஷத்தோட பெரிய கோப்பை. 85 அடிச்சு 42 பாயிண்ட். கோப்பை அவருக்கு. நான் 41, ரெண்டாவது இடம், பரிசு ஒரு டஜன் பந்து.

திட்டணும்னு எழுதல. இது ரூல்படி சரியா இருக்கலாம், நியாயமான்னு கேக்குறேன்.

கோடைக் காத்து · ஞாயிறு, இரவு 10:40

ஒரு பாயிண்ட்ல போச்சுங்களா, அதாங்க எரியுது. அஞ்சு பாயிண்ட்ல தோத்திருந்தா நிம்மதியா தூங்கியிருப்பீங்க :)

நம்ம ஊருல இதுக்கெல்லாம் ஆப் வேண்டாங்ணா, பைய தூக்கிட்டு கூட வர்ற கேடி போதும். கொடைக்கானல்ல ஒருக்கா வெளியூர்ல இருந்து வந்த ஒரு பெரிய மனுசர் எங்க கூட சேர்ந்து ஆடுனாரு, ஹேண்டிகேப் 24னு சொன்னாரு, பந்தயம் வேற கட்டியாச்சு. ரெண்டாவது ஹோல் தொடங்குற டீல எனக்கு கேடியா வந்த பெரியவர் காதுகிட்ட வந்து, "சார், அவரு பைய பாருங்க, ரெண்டாம் நம்பர் அயர்ன் இருக்குது, கை தேர்ந்தவங்க அடிக்கிற மட்டை, மொகமெல்லாம் தேஞ்சு கெடக்குது, இருபத்திநாலுக்காரருக்கு அது எதுக்குங்க"ன்னாரு. சொல்லிட்டு ஒண்ணுந்தெரியாத மாதிரி காட்டெருமைய வேடிக்கை பாத்துட்டு நின்னுட்டாரு. அன்னிக்கு பந்தயத்துல நான் தோத்தேன், அது வேற கதை.

கேடிகளைக் கொண்டுவந்து ஹேண்டிகேப் கமிட்டில உக்கார வெச்சா பாதி பிரச்சனை தீந்துடும்ங்க.

நியூஜெர்சி நாகு · ஞாயிறு, இரவு 11:25

எங்க ஊர்ல இப்படி ஹேண்டிகேப்பை ஏத்தி வச்சு ஜெயிக்கிறதுக்கு பேரு சாண்ட்பேகிங், உங்க ஊர்ல அப்படி ஆடுறவனை பேண்டிட்னு சொல்வாங்கன்னு நினைக்கிறேன். புதுசு ஒண்ணும் இல்ல. 1995ல இங்க பெபிள் பீச் ப்ரோ-ஆம்லயே (ப்ரோவும் அமெச்சூரும் ஜோடியா ஆடுற போட்டி) நடந்திருக்கு, ஜப்பான்ல இருந்து வந்த ஒரு தொழிலதிபர் 15னு ஆடி ஒரு ப்ரோ கூட ஜெயிச்சாரு, அப்புறம் தோண்டிப் பாத்தா உண்மையான ஹேண்டிகேப் 6, பட்டத்தை பிடுங்கிட்டாங்க. டிவில வர்ற போட்டிலயே அப்படின்னா உங்க சனிக்கிழமை கோப்பை எம்மாத்திரம்.

ஆனா சரவணன், ஒண்ணு புரிஞ்சுக்கணும். இண்டெக்ஸ்ங்கிறது உங்க சராசரி ஆட்டம் கிடையாது. கடைசி 20 ரவுண்டுல நல்லா வந்த 8 மட்டும் எடுத்து சராசரி. மத்த 12 எவ்வளவு கேவலமா இருந்தாலும் கணக்குல வராது. அதனால ஒருத்தன் தன் ஹேண்டிகேப்புக்கு ஆடுறதே அஞ்சு தடவைல ஒரு தடவை தான், மிஞ்சிப் போனா நாலுல ஒண்ணு. பத்து பன்னெண்டு மோசமான கார்டு போட்டா ஏறிடும்னு நினைக்காதீங்க, நல்லா வந்த அந்த எட்டும் மோசமா இருந்தா தான் ஏறும். அதுக்கு நிஜமாவே மெனக்கெடணும்.

இங்க எனக்கு தெரிஞ்ச பெரிய தலைவலி அதுக்கு நேர் எதிர். குழிக்கு மூணடி தூரத்துல அடிக்க வேண்டிய பட் எல்லாம் "எடுத்துக்கோ எடுத்துக்கோ"ன்னு குடுத்துக்கிட்டு, மோசமான ரவுண்டை ஆப்ல ஏத்தாம மறந்துட்டு, 14 ஆடுறவன் 9னு சொல்லிட்டு திரியுவான். வீண் பெருமை. அவன் தோத்துட்டு அடுத்தவனை சாண்ட்பேகர்ம்பான்.

யாழ் பட்டர் · திங்கள், காலை 7:05

நான் லண்டன் பக்கம் ஒரு கிளப்பில ஹேண்டிகேப் கமிட்டியில நாலு வருசமா இருக்கிறன், அதால கொஞ்சம் கணக்கோட கதைக்கிறன். (பேரைப் பாத்து வெண்ணெய் எண்டு நினைக்காதேங்கோ, பட்டிங் அடிக்கிற பட்டர்.)

சரவணன் தந்த இலக்கத்தை வச்சே பாப்பம். மே மாசம் 83. அதில ரேட்டிங் 71.2 கழிச்சா 11.8, அதை 113ஆல (சாதாரண கோர்ஸின்ர ஸ்லோப்) பெருக்கி 128ஆல பிரிச்சா டிஃபரன்ஷியல், அதாவது கோர்ஸின்ர கஷ்டத்தையும் சேர்த்துப் பாத்த ஸ்கோர், 10.4. அவற்ற இண்டெக்ஸ் 18.4, வித்தியாசம் 8.0. ஏழில இருந்து 9.9 வரைக்கும் விதிவிலக்கான ஸ்கோர் எண்டு கணினி தானாவே ஒண்டு கழிக்கும், பத்துக்கு மேல எண்டால் ரெண்டு. அதோட அந்த 10.4 எட்டுக்குள்ள வந்து ஒரு பழைய ஸ்கோரைத் தள்ளினதால இன்னொரு 1.2 இறங்கியிருக்கு. மொத்தம் 2.2. சரியாத்தான் வேலை செய்திருக்கு.

இப்ப ஜூலை. 85 எண்டால் டிஃபரன்ஷியல் 12.2. இண்டெக்ஸ் 18.1, வித்தியாசம் 5.9. ஏழைத் தொடேல்லை. அதால விசேட வெட்டு ஒண்டும் இல்லை. சராசரி மாறினதால எங்கயோ 17.2 அளவுக்கு வந்திருப்பர், ஓமோ?

ஸ்லைஸ் சரவணன் · திங்கள், காலை 7:31

அண்ணே, அதே 17.2 தான்! ஆடுற ஹேண்டிகேப் 19ல இருந்து 18. கோப்பைய வீட்டு ஷெல்ஃப்ல வச்சதுக்கு ஒரே ஒரு ஸ்ட்ரோக். இதுக்கு முன்னாடி இருந்த காங்கு சிஸ்டம்ல இப்படியா இருந்துச்சு, வெட்டினா வெட்டு தான்னு எங்க சீனியர் மெம்பர்ஸ் எல்லாம் புலம்புறாங்க.

கோடைக் காத்து · திங்கள், காலை 7:44

கொங்கு சிஸ்டமா? அது எங்கூருங்களே, எப்ப இங்கிலாந்துக்கு வந்துச்சு

யாழ் பட்டர் · திங்கள், காலை 8:20

உங்கட கொங்கு இல்லை அண்ணை, காங்கு. பிரித்தானியா, அயர்லாந்து கிளப்புகள் 2020 நவம்பர் வரைக்கும் பாவிச்ச முறை. உலகத்தில ஆறு வேற வேற முறை இருந்தது, எல்லாத்தையும் ஒண்டாக்கித்தான் இப்ப இருக்கிற உலக முறை வந்தது.

பழைய ஆக்கள் சொல்லுறதை அப்பிடியே நம்பாதேங்கோ. பழைய கணக்கில 18.4 எண்டால் மூண்டாம் பிரிவு. 83 அடிச்சா ஹேண்டிகேப் 18ஐக் கழிச்சு நெட் 65. அண்டைக்கு எதிர்பார்க்கிற ஸ்கோர் (ஸ்டாண்டர்ட்) 71 எண்டு வச்சா ஆறு குறைய. ஒரு ஸ்ட்ரோக்குக்கு 0.3 வெட்டு, மொத்தம் 1.8. 16.6க்கு வந்திருப்பர். இப்பத்தைய முறை 16.2க்குக் கொண்டு வந்திருக்கு. அதாவது புது முறை *கூட* வெட்டியிருக்கு.

வித்தியாசம் ஏறுறதில தான். அந்தக் காலத்தில மோசமா ஆடினா ஒரு கார்டுக்கு 0.1 தான் கூடும். 16.6ல இருந்து திரும்ப 18.4க்குப் போக 18 கெட்ட கார்டு வேணும். இவரும் 22 கார்டில தான் ஏறியிருக்கிறார், பாத்தா பெரிய வித்தியாசம் இல்லை எண்டு தோணும். ஆனா அப்ப போட்டி இல்லாத கார்டு வருசத்துக்கு பத்துக்கு மேல போடேலாது. மிச்சமெல்லாம் போட்டியில தான், ஊரே பாக்க. ஏறுறதுக்கு ஒரு வருசமாகும். இப்ப கார்டுக்கு எல்லையே இல்லை. 2024ல இருந்து ஒன்பது ஹோல் ஆடினாலும் மிச்ச ஒன்பதுக்கு கணினியே எதிர்பார்க்கிற ஸ்கோரைப் போட்டு அண்டைக்கே முழுக் கார்டாக்கிப் போடும். கோடையில இங்க இரவு ஒன்பது மணி வரைக்கும் வெளிச்சம். மே மாசத்து 10.4 இருபது கார்டுக்கு அங்கால தள்ளுப்பட்டு மறைஞ்சே போச்சு. அதோட சேர்த்துக் கழிச்ச அந்த ஒண்டும்.

நியூஜெர்சி நாகு · திங்கள், மாலை 5:50

அப்ப சாஃப்ட் கேப் எதுக்கு இருக்கு? ஒரு வருஷத்துல இருந்த ரொம்ப கம்மியான (லோ) இண்டெக்ஸுக்கு மேல ரொம்ப ஏற விடாம தடுக்கத்தானே அதை வச்சாங்க.

யாழ் பட்டர் · திங்கள், மாலை 6:15

அங்க தான் ஓட்டை. சாஃப்ட் கேப் தொடங்கிறது லோ இண்டெக்ஸுக்கு மேல 3.0 போனாப் பிறகு, அதுக்கு மேல ஏறுறதைப் பாதியாக்கும். 5.0ல முழுசா நிப்பாட்டும். இவற்ற லோ 16.2. 19.2 வரைக்கும் ஒரு தடையும் இல்லை. இவர் 18.1ல நிக்கிறார். வாசல்ல காவல்காரன் நிக்கிறான், இவர் கேட்டுப் பக்கமே போகேல்லை.

கிளப் போட்டியை முடிவு செய்யிறது ரெண்டு மூண்டு ஸ்ட்ரோக் தானே. கேப் அதைத் தொடாது. அது பத்து ஸ்ட்ரோக் களவெடுக்கிறவனுக்கு வச்ச பூட்டு.

முப்பத்தொண்ணு அக்கா · திங்கள், இரவு 9:02

எல்லாரும் ஆம்பளைங்களா சேர்ந்து ஒரு மனுசனை கள்ளன்னு முடிவு பண்ணியாச்சு போல. நான் ஒண்ணு கேக்கலாமா?

என் இண்டெக்ஸ் 31. கோயமுத்தூர்ல ஆடுறேன். ரெண்டு வருஷம் முன்னாடி மாசாந்திர போட்டில 40 பாயிண்ட் எடுத்தேன், வாழ்க்கைலயே மொத தடவை. பரிசு வாங்க மேடைக்கு போறப்ப பின்னாடி ஒருத்தர் "கார்டு யாரு எழுதினது"ன்னு சத்தமாவே கேட்டாரு. பரிசு ஒரு ஹாட் கேஸ். அதை இன்னும் பிரிக்கவே இல்ல, பாத்தா அந்த குரல் தான் ஞாபகம் வருது.

இப்ப சரவணன் தம்பி, உங்க கணக்கை போடுறேன். 9.8 இண்டெக்ஸ், உங்க கோர்ஸ்ல ஆடுற ஹேண்டிகேப் 10. 41 பாயிண்ட்னா அஞ்சு அண்டர், 77 அடிச்சிருக்கீங்க. டிஃபரன்ஷியல் 5.1. உங்க இண்டெக்ஸை விட 4.7 கம்மி. அவரு 5.9 கம்மி. ரெண்டு பேருக்கும் நடுவுல 1.2 தான் வித்தியாசம். அவரு பேண்டிட்னா நீங்க யாரு? உங்களை யாராவது "கார்டு யாரு எழுதினது"ன்னு கேட்டாங்களா?

இன்னும் சொல்லப்போனா 10க்காரர் ஆட்டம் நாளுக்கு நாள் அவ்வளவா மாறாது. 18க்காரர், 31க்காரி ஆட்டம் தான் தாறுமாறா ஏறி இறங்கும், ஒரு நாள் 92, மறுநாள் 108. அதனால அவரு 5.9 அடிக்கிறதும் நீங்க 4.7 அடிக்கிறதும் கிட்டத்தட்ட ஒரே அளவு அபூர்வம்னு கூட சொல்லலாம்.

கோடைக் காத்து · திங்கள், இரவு 9:10

அக்கா 👏 சரவணன் ஆஃப்லைன் போயிட்டாருங்க

ஸ்லைஸ் சரவணன் · திங்கள், இரவு 9:48

போகலை, கணக்கை செக் பண்ணிட்டு இருந்தேன். சரியாத்தான் இருக்கு. கொஞ்சம் சுருக்குனு இருக்கு அக்கா, மறைக்கல.

ஆனா என் கார்டுல கடைசி 20ல 15 போட்டி. நான் மே மாசம் ஜெயிச்சுட்டு அதை துடைச்சு எடுக்குற மாதிரி 22 கார்டு போடலை. என் கேள்வி 42 பாயிண்ட் பத்தி இல்ல, 16.2 எப்படி 18.1 ஆச்சுங்கிறது தான்.

முப்பத்தொண்ணு அக்கா · திங்கள், இரவு 10:05

அது நியாயமான கேள்வி. அதையே மொத போஸ்ட்ல கேட்டிருக்கலாம். கோப்பை போன கதைய முன்னாடி வச்சதால தான் நான் வந்தேன்.

இன்னொண்ணு, 60 பேர் ஆடுற போட்டில 20 பேர் பெரிய ஹேண்டிகேப்னா அதுல ஒருத்தருக்கு அன்னிக்கு நல்ல நாளா அமையத்தான் செய்யும், ஆள் வேற வேறயா இருக்கும் ஆனா ஜெயிக்கிறது அந்த கூட்டத்துல இருந்து தான். அதுக்காகத்தான் 95 சதவீதம் வச்சிருக்காங்க, 30 பேருக்கு கம்மியா இருந்தா முழு 100 குடுக்கலாம்னு சொல்றாங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் மேட்ச் ப்ளேன்னா முழு ஹேண்டிகேப் குடுத்தும் சின்ன ஹேண்டிகேப்காரங்க தான் அதிகம் ஜெயிக்கிறாங்க, அதுக்கு யாரும் இழை ஆரம்பிக்கிறதில்ல. எங்க கிளப்ல டிவிஷன் பிரிச்சு பரிசு குடுக்குறாங்க, 12 வரைக்கும் ஒண்ணு, 18 வரைக்கும் ஒண்ணு, அதுக்கு மேல ஒண்ணு. சண்டை பாதியா குறைஞ்சுது. மீதி பாதி சாப்பாடு பத்தி.

கே.எல். கேடி · செவ்வாய், காலை 6:30

மலேசியாவுல இருந்து. இங்க கம்பெனி போட்டில ஒளிச்சு வச்ச ஹோல் முறை ஓடும், எந்த பன்னெண்டு ஹோல் கணக்குன்னு ஆட்டம் முடிஞ்சு தான் சொல்வாங்க. ஏமாத்தவும் முடியாது, நல்லா ஆடினாலும் பிரயோஜனம் இல்ல. எல்லாரும் சமமா அழுவோம் லா.

யாழ் பட்டர் · செவ்வாய், இரவு 8:40

அக்கா சொன்னது சரி. அதே நேரம் சரவணன்ர கேள்வியையும் விடேலாது. எங்கட கிளப்பில நடந்த ஒண்டைச் சொல்லுறன், ஆள் ஆரெண்டு தெரியாத மாதிரி.

ஒரு மெம்பர். போட்டிக் கார்டையும் ஜெனரல் ப்ளே கார்டையும் பிரிச்சுப் பாத்தால் சராசரியில ஆறு ஸ்ட்ரோக் வித்தியாசம், போட்டியில எப்பவும் நல்லா, மற்ற நேரம் மோசமா. கூப்பிட்டுக் கதைச்சம். மனுசன் கோவப்படேல்லை. பின்னேரத்தில மகனைக் கூட்டிக்கொண்டு வாறவராம், பெடியனுக்குப் பன்ரெண்டு வயசு, அவன்ர பந்தைத் தேடிக்கொண்டு தன்ர பந்தை அவசரத்தில அடிச்சுப் போட்டு ஓடுறதாம். எல்லாம் உண்மை, நானே கண்டிருக்கிறன். ஒரு அடியும் வேணுமெண்டு விடேல்லை. ஆனா இண்டெக்ஸ் பிழை.

அந்தக் கூட்டத்தில ரெண்டு மணித்தியாலம் இருந்தம். ஒருத்தர் களவு எண்டார், ஒருத்தர் பாவம் எண்டார். கடைசியா ஒரு பழைய ஆள் சொன்னவர், ரூல் புத்தகத்தில களவோ இல்லையோ எண்டு கேக்கச் சொல்லேல்லை, இண்டெக்ஸ் அவற்ற திறமையைக் காட்டுதோ எண்டு மட்டும் தான் கேக்கச் சொல்லுது எண்டு. உண்மை தான். கமிட்டிக்கு அதிகாரம் இருக்கு, குறைச்சா ஆகக் குறைஞ்சது 1.0 குறைக்கோணும், ஆளுக்கு அறிவிச்சு அவற்ற பக்கத்தையும் கேக்கோணும். நாங்கள் ரெண்டு குறைச்சம். அவரும் சரி எண்டிட்டார். பெடியன் இப்ப அவரை வெல்லுறான்.

கனக்க கிளப்புகள் இந்த அதிகாரத்தைத் தொடுறதே இல்லை. கணினி பாத்துக்கொள்ளும் எண்டு விட்டிருவினம். தெரிஞ்ச மனுசரின்ர முகத்தைப் பாத்து உன்ர இலக்கம் பிழை எண்டு சொல்ல ஆருக்கு விருப்பம்? கணினிக்கு மகனும் தெரியாது, மார்க்கரும் தெரியாது.

நியூஜெர்சி நாகு · செவ்வாய், இரவு 11:10

நல்ல போஸ்ட். அப்ப இவரு விஷயத்துல கமிட்டி பாத்தா என்ன பண்ணும்?

யாழ் பட்டர் · புதன், காலை 7:15

கார்டைப் பாக்காமல் சொல்லமாட்டன். நான் பாக்கிறது ரெண்டு: போட்டி எப்பிடி, மற்றது எப்பிடி. ஒன்பது ஹோல் கார்டுகளில மட்டும் மோசமோ, பதினெட்டிலயும் மோசமோ. கோப்பைக்கு நிபந்தனை போடவும் கிளப்பால முடியும், பெரிய கோப்பை ஆடோணுமெண்டால் கடைசி வருசத்தில இத்தனை போட்டிக் கார்டு இருக்கோணும் எண்டு. அது ஒருத்தரையும் சுட்டிக் காட்டாது. சரவணன், கமிட்டிக்கு எழுதுங்கோ. பேர் போடாமல், கோப்பை நிபந்தனையைப் பற்றி மட்டும்.

ஸ்லைஸ் சரவணன் · 15 நாள் கழிச்சு, வியாழன், இரவு 9:20

அப்டேட் கேட்டு மூணு பேர் மெசேஜ் பண்ணீங்க, இதோ.

எழுதினேன், அண்ணன் சொன்ன மாதிரி பேர் போடாம. அடுத்த வருஷத்துல இருந்து கோப்பை ஆடணும்னா நாலு போட்டி கார்டாவது இருக்கணும்னு கொண்டு வர்றாங்களாம். டிவிஷன் பரிசு பத்தி அக்கா சொன்னதையும் சேர்த்து எழுதினேன், அதுக்கு "பரிசு பட்ஜெட் பத்தாது"ன்னு பதில். தனி ஆள் ஹேண்டிகேப் எல்லாம் குளிர்காலத்துல வருஷாந்திர ரிவ்யூல தான் பாப்போம்னு சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் அதே கதை.

சனிக்கிழமை மெடல் போட்டிக்கு யாரு யார்கூட ஆடணும்னு டிரா வந்துடுச்சு. காலை 7:52க்கு தொடக்கம். மூணு பேர்ல ஒருத்தர் நான், ஒருத்தர் அவரு. அவரு கார்டு நான் எழுதணும், என் கார்டு அவரு எழுதுவாரு.

கோடைக் காத்து · வியாழன், இரவு 9:24

அடேங்கப்பா. பைல ரெண்டாம் நம்பர் அயர்ன் இருக்குதான்னு மறக்காம பாருங்ணா

முப்பத்தொண்ணு அக்கா · வியாழன், இரவு 9:31

கைகுடுத்து பேசுங்க தம்பி. மூணு மாசமா அவரைப் பத்தி பேசுறீங்க, அவர்கிட்ட ஒரு தடவையாவது பேசியிருக்கீங்களா?

ஸ்லைஸ் சரவணன் · வியாழன், இரவு 9:50

இல்லக்கா.

யாழ் பட்டர் · வியாழன், இரவு 10:02

இப்ப எவ்வளவில நிக்கிறார்?

ஸ்லைஸ் சரவணன் · வியாழன், இரவு 10:03

17.6